வெப் சேர்வரில் போர்ட்டுகளை அமைத்தல்: உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு அடுக்காக

சேர்வரில் ஒவ்வொரு சேவையும் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலே போர்ட். அதைத் திறப்பது ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அந்த வரியைப் போட்ட பிறகும் தளம் திறக்காமல் நாள் முழுக்கத் தடுமாறுபவர்கள் நிறையப் பேர். வெளியிலிருந்து வரும் ஒரு கோரிக்கை இணைய நிறுவனம், ரவுட்டர் அல்லது கிளவுட் பயர்வோல் (இணைப்புகளை விதிப்படி விடும் அல்லது தடுக்கும் காவல்), சேர்வரின் சொந்தப் பயர்வோல், வெப் சேர்வர், அப்பிளிகேஷன் என ஐந்து இடங்களைத் தாண்டி வர வேண்டும். புதியவர்கள் ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, உலாவியைத் திறந்து பார்க்கிறார்கள். வேலை செய்யாவிட்டால் எந்த இடத்தில் அடைபட்டது என்று கண்டுபிடிக்க வழி இருப்பதில்லை.

இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது. உள்ளே இருக்கும் அப்பிளிகேஷனில் தொடங்கி, ஒரு அடுக்கை முடித்து, அது வேலை செய்வதைச் சோதித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்காட்டாகத் திருகோணமலை உப்புவெளியில் உள்ள ஒரு சிறிய விடுதியின் அறை முன்பதிவுத் தளத்தை வைத்துக்கொள்வோம். உபுண்டு 24.04 (ஒரு வகை லினக்ஸ்) சேர்வர். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் சூழலில் எழுதிய அப்பிளிகேஷன், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர். நிலாவெளியில் டைவிங் நிலையம் நடத்துபவருக்கும், உவர்மலையில் டியூட்டரி நடத்துபவருக்கும் இதே அமைப்புப் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்குமுன் தேவையானவை

முதலாவது, சேர்வருக்குள் நுழைய இரண்டாவது வழி. தொலைவிலிருந்து சேர்வரில் உள்நுழைந்து கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச் என்பது முதல் வழி. பயர்வோலில் ஒரு விதி பிழைத்தால் அந்த வழி மூடிவிடும். கிளவுட் சேர்வர் என்றால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் கொன்சோல் வழியாக உள்நுழைந்து பார்த்து வையுங்கள். அதற்கு ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) அல்லது சுடோ பயனரின் (அந்த அதிகாரத்தோடு கட்டளை ஓட்டக்கூடியவர்) கடவுச்சொல் தேவைப்படும். சாவிக் கோப்பை மட்டும் வைத்து எஸ்எஸ்எச் செய்பவர்கள் பலர் அந்தக் கடவுச்சொல்லை அமைத்திருக்கவே மாட்டார்கள். சேர்வர் சிங்கப்பூரில் இருக்க, திருகோணமலையில் இருந்துகொண்டு வெளியே பூட்டப்படுவது மிக மோசமான நிலை. உள்ளூர்ச் சேர்வர் என்றால் ஒரு திரையும் விசைப்பலகையும் பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது, மொபைல் டேட்டா உள்ள ஒரு தொலைபேசி. வெளியிலிருந்து சோதிக்க இது கட்டாயம். சேர்வர் இருக்கும் அதே வைஃபையில் இருந்து சோதிப்பது சோதனையே அல்ல. காரணத்தை 8 ஆம் பகுதியில் பார்க்கலாம்.

இவற்றோடு டொமைனின் (தளத்தின் பெயர்) டிஎன்எஸ் பக்கத்துக்கான (அந்தப் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் இடம்) உள்நுழைவு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், டெர்மினலில் இருந்தே பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் கேர்ல் கருவி ஆகியவை வேண்டும். உள்ளூர்ச் சேர்வருக்கு யுபிஎஸ் வையுங்கள். ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் இணையுங்கள். சேர்வர் ஓடிக்கொண்டிருக்க ரவுட்டர் மட்டும் அணைந்தால் பயனில்லை.

2. போர்ட் அட்டவணையை முதலில் தாளில் எழுதுங்கள்

எந்தச் சேவை, எந்தப் போர்ட், யாருக்குத் தெரிய வேண்டும் என்ற மூன்று நிரல்கள் போதும். எங்கள் எடுத்துக்காட்டுக்கு இப்படி வரும்:

22, எஸ்எஸ்எச்: நிர்வாகிக்கு மட்டும்.
80, எச்டிடிபி: எல்லோருக்கும்.
443, எச்டிடிபிஎஸ்: எல்லோருக்கும்.
3000, நோட் அப்பிளிகேஷன்: சேர்வருக்குள் மட்டும்.
5432, போஸ்ட்கிரெஸ்: சேர்வருக்குள் மட்டும்.

இதைத் தாளில் எழுதாமல் தொடங்குபவர்களே பிறகு 3000 ஐயும் 5432 ஐயும் உலகத்துக்கே திறந்து வைக்கிறார்கள். "வேலை செய்யவில்லையே, இதையும் திறந்து பார்ப்போம்" என்று திறந்தது மூடப்படுவதில்லை. திறந்து கிடக்கும் தரவுத்தளப் போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. சிறிய விடுதிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் இங்கே செல்லாது. அவை ஆளைப் பார்ப்பதில்லை, ஐபி முகவரியை மட்டுமே பார்க்கின்றன. உள்ளே இருப்பதோ விருந்தினர்களின் கடவுச்சீட்டு எண்களும் தொலைபேசி எண்களும்.

அப்பிளிகேஷனுக்கு எண் தெரிவு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். 1024 க்குக் கீழே உள்ளவற்றை லினக்ஸில் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது. ரூட் உரிமை வேண்டும். 32768 முதல் 60999 வரை உள்ளவற்றை லினக்ஸ், வெளியே செல்லும் இணைப்புகளுக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். அங்கே அப்பிளிகேஷனை வைத்தால் என்றாவது ஒருநாள், பெரும்பாலும் மறுதொடக்கத்தின்போது, அந்த எண் வேறு இணைப்பிடம் இருக்கும். மூன்றாவது, 6000, 6667 போன்ற சில எண்களை குரோம் உலாவி பாதுகாப்பற்றவை என்று திறக்கவே மறுக்கும். 3000, 5000, 8000, 8080 போன்ற பழகிய எண்களே நல்லவை.

வாடிக்கையாளர்களை 8080 அல்லது 3000 க்கு நேரடியாக வரச் சொல்லக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல அலுவலக, ஹோட்டல் வைஃபைகள் 80, 443 தவிர மற்றப் போர்ட்டுகளை வெளியே விடுவதில்லை. உங்கள் தொலைபேசியில் திறக்கும் தளம் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் இருந்து திறக்காமல் போவது இதனால்தான்.

3. இப்போது என்ன திறந்திருக்கிறது என்று பாருங்கள்

எதையும் மாற்றுமுன் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்:

சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்

கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சேவைகளையும், அவற்றின் போர்ட்டையும், பின்னால் இருக்கும் நிரலின் பெயரையும் இது காட்டும். சுடோ இல்லாமல் ஓட்டினால் மற்றப் பயனர்களின் நிரல் பெயர்கள் தெரியாது.

போர்ட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் முகவரிதான் முக்கியம். 127.0.0.1:3000 என்றால் சேர்வருக்குள் இருப்பவர்கள் மட்டுமே அணுகலாம். 0.0.0.0:3000 அல்லது [::]:3000 அல்லது நட்சத்திரக் குறி என்றால் எல்லா வலையிணைப்புகளிலும் கேட்கிறது. தடுக்கப் பயர்வோல் மட்டுமே மிச்சம். 127.0.0.53 இல் 53 ஆம் போர்ட் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது உபுண்டுவின் சொந்தப் பெயர்த் தீர்வுச் சேவை.

80 இல் ஏற்கெனவே அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சேர்வர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மென்பொருள்களை நிறுவும்போது அப்பாச்சியும் சேர்ந்து நிறுவப்பட்டு, தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பிறகு என்ஜின்எக்ஸைத் தொடங்கினால் முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற 98 ஆம் இலக்கப் பிழையோடு நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து, மற்றதை நிறுத்துவதோடு விடாமல் டிசேபிள் செய்யுங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு அதுவே முந்திக்கொண்டு எழும்.

4. அப்பிளிகேஷனை 127.0.0.1 இல் கட்டுங்கள்

நோட் அப்பிளிகேஷனில் லிசன் என்ற இடத்தில் 3000 என்று மட்டும் எழுதினால் அது எல்லா முகவரிகளிலும் கேட்கும். போர்ட் எண்ணோடு 127.0.0.1 ஐயும் கொடுங்கள். பயர்வோல் என்றாவது தவறுதலாக அணைந்தாலும் அப்பிளிகேஷன் வெளியே தெரியாமல் இருக்க இதுவே காரணமாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் தன் இயல்பு நிலையில் லோக்கல்ஹோஸ்ட்டில் (சேர்வருக்குள்) மட்டுமே கேட்கும். உபுண்டுவின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அப்படியே. அவற்றை வெளியே திறந்து விடுவது பெரும்பாலும் மனிதர்கள்தான்: வீட்டுக் கணினியில் இருந்து அட்டவணைகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அதற்குப் போர்ட் திறக்கத் தேவையில்லை. எஸ்எஸ்எச் சுரங்கம் போதும்:

எஸ்எஸ்எச் -எல் 5433:127.0.0.1:5432 பயனர்@சேர்வர்

இதில் எல் மட்டும் பெரிய எழுத்து. இணைப்பு இருக்கும்வரை உங்கள் கணினியின் 5433, சேர்வரின் 5432 ஆக வேலை செய்யும். டெர்மினலை மூடினால் வழியும் மூடும்.

அடுத்த அடுக்குக்குப் போகுமுன் சேர்வருக்குள்ளேயே சோதியுங்கள்:

கேர்ல் எச்டிடிபி://127.0.0.1:3000

பக்கத்தின் எச்டிஎம்எல் வர வேண்டும். வராவிட்டால் பிழை அப்பிளிகேஷனில் இருக்கிறது. பயர்வோலைத் தொடுவதில் அர்த்தம் இல்லை.

5. என்ஜின்எக்ஸை முன்னால் வையுங்கள்

என்ஜின்எக்ஸ் 80 ஐயும் 443 ஐயும் பிடித்து, வருவதை 3000 க்குக் கடத்தும். இதனால் அப்பிளிகேஷனுக்கு ரூட் உரிமை தேவையில்லை. எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் ஒரே இடத்தில் இருக்கும். பிறகு டியூட்டரிக்கோ டைவிங் நிலையத்துக்கோ இன்னொரு தளத்தை அதே சேர்வரில் சேர்ப்பதும் இலகு.

தளத்தின் கொன்பிக் (அமைப்பு) கோப்பில் லிசன் 80 என்ற வரியோடு லிசன் [::]:80 என்ற வரியும் இருக்க வேண்டும். இரண்டாவது, புதிய நீண்ட வகை முகவரியான ஐபிவி6 க்கானது. சேர்வர் நேம் வரியில் டொமைனை எழுதுங்கள், டபிள்யூடபிள்யூடபிள்யூ உடனும் இல்லாமலும். கோரிக்கையை எங்கே கடத்துவது என்று சொல்லும் புரொக்சி பாஸ் வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரைவிட 127.0.0.1:3000 என்ற எண்ணே நல்லது. அந்தப் பெயர் ஐபிவி6 முகவரியாகவும் தீர்வதுண்டு. அங்கே அப்பிளிகேஷன் இல்லாததால் லொக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில் மறுப்புப் பிழைகள் குவியும்.

விருந்தினரின் உண்மையான ஐபி, அவர் கேட்ட டொமைன், அவர் வந்தது எச்டிடிபிஎஸ்ஸிலா என்ற மூன்றையும் தலைப்புகளாக அப்பிளிகேஷனுக்கு அனுப்புங்கள். மூன்றாவதை விட்டால், தான் எச்டிடிபியில் இருப்பதாக அப்பிளிகேஷன் நினைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும். திருப்பியது மீண்டும் அதே வழியில் வரும். உலாவி, அளவுக்கு மீறித் திருப்பப்படுகிறது என்று நின்றுவிடும்.

மாற்றிய ஒவ்வொரு முறையும் முதலில் சுடோ என்ஜின்எக்ஸ் -டி. சரி என்று வந்தால் மட்டும் ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம்: கொன்பிக்கில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் ரீஸ்டார்ட் தளத்தையே வீழ்த்திவிடும்; ரீலோட் பழைய அமைப்போடு ஓடிக்கொண்டிருக்கும்.

ரொக்கி, அல்மா போன்ற லினக்ஸ்களில் எல்லாம் சரியாக இருந்தும் 502 பிழை வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். வெப் சேர்வர் வேறு போர்ட்டோடு பேசுவதை அது தடுக்கும். அதற்கென ஒரு தனி அனுமதி, எச்டிடிபிடி கேன் நெட்வர்க் கனெக்ட் என்ற பெயரில் இருக்கிறது. அதைத் திறந்தால் போதும். எஸ்இலினக்ஸையே அணைப்பது தேவையற்றது.

6. சேர்வரின் பயர்வோல்

வரிசை தவறினால் இந்தப் பகுதியில் வெளியே பூட்டப்படுவீர்கள். உபுண்டுவின் பயர்வோல் கருவி யூஎஃப்டபிள்யூ. அதில் முதலில் எஸ்எஸ்எச், பிறகு மற்றவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் இயக்குதல்:

சுடோ யூஎஃப்டபிள்யூ டிஃபோல்ட் டினை இன்கமிங்
சுடோ யூஎஃப்டபிள்யூ டிஃபோல்ட் அலோவ் அவுட்கோயிங்
சுடோ யூஎஃப்டபிள்யூ அலோவ் 22/டிசிபி
சுடோ யூஎஃப்டபிள்யூ அலோவ் 80/டிசிபி
சுடோ யூஎஃப்டபிள்யூ அலோவ் 443/டிசிபி
சுடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்

எஸ்எஸ்எச் ஏற்கெனவே வேறு போர்ட்டில் ஓடினால் 22 க்குப் பதிலாக அந்த எண். இதை மறந்து பழக்கத்தில் 22 என்று தட்டி, தங்களையே வெளியே பூட்டிக்கொள்பவர்கள் உண்டு. எனேபிள் செய்யுமுன் எஸ்எஸ் கட்டளையில் எஸ்எஸ்எச் எந்த எண்ணில் கேட்கிறது என்று இன்னொருமுறை பாருங்கள்.

தொலைவில் இருக்கும் சேர்வரில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் செய்யலாம். 5 நிமிடத்தில் பயர்வோலை அணைக்கும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் ஏட் கருவி மூலம் முன்கூட்டியே போட்டு வையுங்கள். எனேபிள் செய்த பிறகு, இருக்கும் டெர்மினலை மூடாமல், புதிய டெர்மினலில் உள்நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் ஏட் வேலையை நீக்குங்கள். முடியாவிட்டால் 5 நிமிடம் காத்திருந்தால் வழி தானாகத் திறக்கும். பழைய டெர்மினல் வேலை செய்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்; ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்புகளைப் பயர்வோல் அறுப்பதில்லை.

22 க்கு அலோவ் என்பதற்குப் பதிலாக லிமிட் என்று கொடுத்தால், ஒரே முகவரியில் இருந்து 30 விநாடிக்குள் 6 அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புகள் வந்தால் தடுக்கும். கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்களின் வேகம் குறையும். ஆனால் உண்மையான காப்பு, கடவுச்சொல் உள்நுழைவை அணைத்துச் சாவியை மட்டும் அனுமதிப்பதுதான். எஸ்எஸ்எச் போர்ட்டை 2222 ஆக மாற்றினால் லொக் கோப்பின் இரைச்சல் குறையும்; அதற்கு மேல் பெரிய பயன் இல்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால், உபுண்டு 24.04 இல் எஸ்எஸ்எச்சின் கொன்பிக்கை மாற்றினால் மட்டும் போதாது. அங்கே போர்ட்டைப் பிடித்திருப்பது, சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் எஸ்எஸ்எச் சொக்கெட். டீமன் ரீலோட் செய்து அந்தச் சொக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய எண் நடைமுறைக்கு வரும்.

எச்டிடிபியின் புதிய பதிப்பான எச்டிடிபி/3 பயன்படுத்துவதாக இருந்தால் 443 இன் யுடிபியும் (டிசிபி அல்லாத இன்னொரு கடத்தல் முறை) திறக்க வேண்டும். பயன்படுத்தாவிட்டால் அதைத் திறக்கத் தேவையில்லை.

7. டொக்கர் பயர்வோலைத் தாண்டும்

டொக்கர், அப்பிளிகேஷன்களைக் கொன்டெய்னர் என்ற தனிப்பெட்டிகளில் ஓட்டும் கருவி. அது பயர்வோலைத் தாண்டும் என்பதை அறியாதவர்கள் மிக அதிகம். விளைவும் மிகப் பாரதூரமானது. டொக்கரில் 5432:5432 என்று போர்ட்டை வெளியிட்டால், யூஎஃப்டபிள்யூ அதைத் தடுத்திருந்தாலும் போர்ட் உலகத்துக்குத் திறந்திருக்கும். டொக்கர் தன் சொந்த விதிகளை, லினக்ஸின் அடிப்படைப் பயர்வோலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுகிறது. வரும் தரவுப் பொதி, யூஎஃப்டபிள்யூ பார்க்கும் இடத்துக்கு வருமுன்பே கொன்டெய்னருக்குத் திருப்பப்பட்டுவிடும். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் பார்த்தால் 22, 80, 443 மட்டுமே தெரியும். பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். தரவுத்தளமோ திறந்து கிடக்கும்.

தீர்வு எளிது. போர்ட்டை எழுதும் இடத்தில் முகவரியையும் சேருங்கள்: 127.0.0.1:3000:3000. பல கொன்டெய்னர்களை ஒன்றாக விவரிக்கும் கொம்போஸ் கோப்பிலும் இதே வடிவம். தரவுத்தளத்தை அதே கொம்போஸ் கோப்பில் உள்ள அப்பிளிகேஷன் மட்டும் பயன்படுத்தினால் அதற்குப் போர்ட்ஸ் பகுதியே வேண்டாம். கொன்டெய்னர்கள் ஒன்றையொன்று சேவைப் பெயராலேயே அழைக்கும்.

4 ஆம் பகுதியில் அப்பிளிகேஷனை 127.0.0.1 இல் கட்டச் சொன்னது கொன்டெய்னருக்குள் பொருந்தாது. கொன்டெய்னரின் 127.0.0.1 அந்தக் கொன்டெய்னருக்கே உரியது. அதில் கட்டினால் சேர்வரில் இருந்துகூட எட்டாது. உள்ளே 0.0.0.0, வெளியே வெளியிடும்போது 127.0.0.1 என்று நினைவில் வையுங்கள்.

8. வெளி வாசல்: கிளவுட் அல்லது ரவுட்டர்

கிளவுட் சேர்வர் என்றால் பெரும்பாலும் சேர்வருக்கு வெளியே இன்னொரு பயர்வோல் இருக்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் அது செக்யூரிட்டி குரூப். நீங்கள் அனுமதிக்காத எதையும் உள்ளே விடாது. 80 ஐயும் 443 ஐயும் எல்லா முகவரிகளுக்கும் திறந்து, 22 ஐ முடிந்தால் உங்கள் முகவரிக்கு மட்டும் திறங்கள். வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறுமானால் அந்த விதியை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஒரக்கிள் கிளவுட்டின் உபுண்டு இமேஜில் உள்ளேயும் ஐபிடேபிள்ஸ் விதிகள் முன்கூட்டியே இருக்கும். இணையப் பக்கத்தில் திறந்தும் தளம் வராமல் போவது அதனால்தான். அங்கே இரண்டு இடத்திலும் திறக்க வேண்டும்.

சேர்வர் விடுதியிலோ அலுவலகத்திலோ இருந்தால் வேலை சற்று அதிகம். முதலில் சேர்வரின் உள்முகவரியை நிலையாக்குங்கள். ரவுட்டரின் டிஎச்சிபி (உள்முகவரிகளை வழங்கும்) பகுதியில் சேர்வரின் மக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண்) 192.168.1.50 போன்ற ஒரு முகவரியை ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) போட்டால், அடுத்த மின்வெட்டுக்குப் பின் சேர்வருக்கு வேறு முகவரி கிடைத்து, வரும் கோரிக்கைகள் வரவேற்பறையின் பிரின்டருக்குப் போகும்.

போர்ட் ஃபோர்வர்டிங் போடுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ரவுட்டரின் வான் (வெளிப்பக்க) முகவரி என்ன? உங்கள் ஐபி என்ன என்று காட்டும் இணையதளம் ஒன்று காட்டும் முகவரி என்ன? இரண்டும் ஒன்றாக இருந்தால் தொடரலாம். வேறாக இருந்து, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையான எண்களில் ஒன்று தொடக்கத்தில் இருந்தால், நீங்கள் சிஜிநாட் என்ற பொது மறைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். ரவுட்டரில் எத்தனை விதி போட்டாலும் வெளியிலிருந்து எதுவும் வராது. மொபைல் வலையமைப்பில் இயங்கும் 4ஜி வீட்டு இணைப்புகளில் இது வழமை. 192.168 அல்லது 10 இல் தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கலாம்; அதிலும் ஃபோர்வர்டிங் வேண்டும்.

சிஜிநாட் என்றால் இரண்டு வழிகள். இணைய நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி கேட்கலாம். அதற்கு மாதக் கட்டணம் இருக்கும். அல்லது சிங்கப்பூரிலோ மும்பையிலோ மிகச் சிறிய கிளவுட் சேர்வர் ஒன்றை எடுத்து, விடுதிச் சேர்வரில் இருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் போடலாம். இணைப்பை உள்ளிருந்து வெளியே தொடங்குவதால் சிஜிநாட் தடுக்காது. கிளவுட் பக்கம் 51820 யுடிபி திறந்திருக்க வேண்டும். விடுதிப் பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 என்று கொடுக்க வேண்டும். அதை விட்டால், கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாதபோது இடையில் உள்ள நாட் (முகவரி மாற்றும்) அட்டவணை இணைப்பை மறந்துவிடும். இரவு முழுக்கத் தளம் திறக்காது, காலையில் யாராவது சேர்வரைத் தொட்டதும் திறக்கும்.

உண்மையில், புதிதாகத் தொடங்கும் ஒரு விடுதிக்குச் சேர்வரை விடுதியிலேயே வைக்க நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலில் ரவுட்டர் எரிவதும் கடற்காற்றின் உப்பு இணைப்பிகளை அரிப்பதும் கரையோரத்தில் சாதாரணம். மே முதல் செப்டம்பர் வரையான சுற்றுலாப் பருவத்தில் முன்பதிவுத் தளம் ஒருநாள் நின்றாலும் நட்டம் விடுதிக்குத்தான்.

ரவுட்டரில் 80 ஐயும் 443 ஐயும் சேர்வருக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். டிஎம்இசட் என்ற தெரிவைத் தொடாதீர்கள். அது எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும். ரவுட்டரின் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். அது திறந்திருந்தால் 80 ஐ ரவுட்டரே பிடித்துக்கொண்டு, உங்கள் விருந்தினருக்குத் தன் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும்.

சோதனையைத் தொலைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். உள்ளே இருந்துகொண்டு வெளிமுகவரியை அழைத்தால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பத் தெரியாமல் நிற்கும். வெளியே நன்றாக ஓடும் தளம் வரவேற்பறையில் மட்டும் திறக்காது. மறுபக்கம், உள்முகவரியில் தளம் திறக்கிறது என்பதால் வெளியேயும் திறக்கும் என்றும் ஆகாது.

9. டொமைனும் சான்றிதழும்

டொமைனின் ஏ பதிவில் (சாதாரண ஐபி முகவரிக்கான டிஎன்எஸ் வரி) வெளிமுகவரியைக் கொடுங்கள். பழைய ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரிக்கானது) கிடந்தால் நீக்குங்கள் அல்லது சரியான ஐபிவி6 முகவரியாக மாற்றுங்கள். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், இரண்டும் இருந்தால் ஐபிவி6 ஐயே முதலில் நாடும். உலாவியில் தளம் திறக்கிறது, சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதிவை.

கோரிக்கைகளை இடையில் வாங்கிக் கடத்தும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் புரொக்சியை இயக்கியிருந்தால் டொமைன் பெயரில் எஸ்எஸ்எச் வேலை செய்யாது. அவர்கள் கடத்துவது வெப் போர்ட்டுகளை மட்டுமே. எஸ்எஸ்எச்சுக்குச் சேர்வரின் ஐபியை நேரடியாகப் பயன்படுத்துங்கள்.

80 வெளியிலிருந்து திறப்பதை உறுதிசெய்த பிறகே, சான்றிதழைப் பெறும் சேர்ட்பொட் கருவியை ஓட்டுங்கள். அதன் வழமையான சோதனை 80 வழியாகவே நடக்கும். எச்டிடிபிஎஸ் வந்துவிட்டதே என்று 80 ஐ மூடுபவர்கள், 90 நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகும்போதுதான் காரணம் தேடுவார்கள். 80 திறந்தே இருக்கட்டும். 443 க்குத் திருப்புவது மட்டும் அதன் வேலை. தோல்வியடைந்த முயற்சிகளுக்கு ஒரு பெயருக்கு மணிக்கு 5 என்ற வரம்பு இருப்பதால், முதலில் டிரை ரன் (ஒத்திகை) தெரிவோடு சோதியுங்கள். அது வெற்றியானால் நிஜ ஓட்டம்.

10. பிழைச் செய்தியைப் படித்தல்

மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் கோரிக்கை சேர்வரை அடைந்திருக்கிறது. அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. சேவை ஓடவில்லை, அல்லது 127.0.0.1 இல் மட்டும் கேட்கிறது. பயர்வோலை விட்டுவிட்டு எஸ்எஸ் கட்டளைக்குத் திரும்புங்கள். விதிவிலக்காக, தடுப்பதைச் சொல்லியே தடுக்கும் பயர்வோல்களும் இதே பதிலைத் தரும்.

நீண்ட நேரம் சுற்றி, பிறகு நேரம் முடிந்தது என்று வந்தால் வழியில் ஏதோ ஒன்று பொதியைப் பேசாமல் விழுங்குகிறது. பயர்வோல், செக்யூரிட்டி குரூப், ரவுட்டர், சிஜிநாட் ஆகியவற்றில் ஒன்று. எது என்று பிரிக்க, சேர்வரில், வரும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை அந்தப் போர்ட்டுக்கு ஓட்டிவிட்டுத் தொலைபேசியில் இருந்து தட்டுங்கள். டிசிபிடம்ப் பயர்வோலுக்கு முன்பே பார்க்கும். அதில் பொதி தெரிந்தால் தடை சேர்வருக்குள். தெரியாவிட்டால் தடை வெளியே. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

502 என்றால் வெளிப் போர்ட்டுகள் எல்லாம் சரி. என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் அப்பிளிகேஷன் பதில் தரவில்லை. 504 என்றால் அப்பிளிகேஷன் இருக்கிறது, நேரத்துக்குப் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் வந்தால் சேர்வர் நேம் பொருந்தவில்லை, அல்லது தளத்தின் கோப்பு இயக்கப்பட்ட தளங்களின் கோப்புறையில் இணைக்கப்படவில்லை.

லொக் கோப்பில் நேரம் தேடும்போது, கிளவுட் சேர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும் என்பதை மறக்காதீர்கள். இலங்கை நேரப்படி பிற்பகல் 3.30 க்கு நீங்கள் செய்த சோதனை அங்கே 10.00 மணிக்குப் பதிவாகியிருக்கும்.

11. மறுதொடக்கம் செய்து பாருங்கள்

எல்லாம் ஓடுகிறது என்றதும் சேர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள், ஆட்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், நீங்கள் முன்னால் இருக்கும்போதே. என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரெஸ், அப்பிளிகேஷன் மூன்றும் எனேபிள் ஆகியிருக்கின்றனவா, பயர்வோல் மீண்டும் எழுந்ததா என்று தெரிய இதைவிட நல்ல வழி இல்லை. டெர்மினலில் கையால் ஓட்டிய நோட் அப்பிளிகேஷன் ரீபூட்டுக்குப் பின் இருக்காது; அதைச் சிஸ்டம்டி சேவையாக எழுதுங்கள். உள்ளூர்ச் சேர்வர் என்றால் ரவுட்டரையும் அணைத்து எழுப்புங்கள். வெளிமுகவரி மாறினால், டிஎன்எஸ்ஸைத் தானாகப் புதுப்பிக்கும் டைனமிக் டிஎன்எஸ் ஏற்பாடு தேவை.

பிறகு சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன் ஓட்டி, வரும் பட்டியலைத் தாளில் எழுதிய அட்டவணையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சோதனைக்காகத் திறந்த போர்ட் பயர்வோலில் மிச்சம் இருந்தால் இப்போதே நீக்குங்கள். யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்ட் ஒவ்வொரு விதிக்கும் எண் தரும். நீக்கும்போது பெரிய எண்ணில் இருந்து சிறிய எண்ணுக்கு வாருங்கள்; ஒன்றை நீக்கியதும் அதற்குக் கீழே உள்ளவற்றின் எண்கள் மாறிவிடும், மேலிருந்து நீக்கிக்கொண்டு வந்தால் 443 ஐயோ 22 ஐயோ தவறுதலாக நீக்கிவிடுவீர்கள். ஐபிவி6 க்கு அதே விதி தனி வரியாக இருக்கும். அதையும் நீக்க வேண்டும்.